ஆடுகளத்து ஆளுமைகள் – 17: அதிகாரம் இல்லாத நாற்காலி

1946 செப்டம்பர் 28, சனிக்கிழமை. பெல்ஃபாஸ்ட் நகரின் விண்ட்சர் பார்க் மைதானத்தில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. இங்கிலாந்து ஏழு கோல் போட்டது, அயர்லாந்து இரண்டு. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை டப்ளின் நகரின் டேலிமவுண்ட் பார்க்கில் மறுபடியும் அயர்லாந்தும் இங்கிலாந்தும். இந்தத் தடவை இங்கிலாந்து மூச்சுத் திணறியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது டாம் ஃபின்னி அடித்த ஒற்றை கோலில்தான் ஜெயித்தது.

இரண்டு ஆட்டத்திலும் அயர்லாந்துக்காக இறங்கியவர் ஜானி கேரி. ஆனால் அவர் ஆடியது இரண்டு வெவ்வேறு அயர்லாந்துகளுக்கு. பெல்ஃபாஸ்டில் 1880-இல் தோன்றிய கால்பந்துச் சங்கம் ஒன்று. நாடு பிரிவினையை நோக்கிப் போன 1921-இல் டப்ளின்காரர்கள் தனியாகத் தொடங்கிய சங்கம் இன்னொன்று. இரண்டுமே தன் அணிக்கு அயர்லாந்து என்றே பெயர் வைத்துக்கொண்டன. வடக்குச் சங்கம் தெற்கில் பிறந்தவர்களையும் கூப்பிட்டது, தெற்குச் சங்கம் வடக்கில் பிறந்தவர்களையும் கூப்பிட்டது. 1950 வரை இப்படித்தான் நடந்தது. கேரி வடக்குக்கு 7 ஆட்டங்கள், தெற்குக்கு 29 ஆட்டங்கள் ஆடினார். இரண்டுக்கும் கேப்டனாக இருந்தார். பிறந்தது டப்ளினில், 1919-இல்.

சென்ற இதழில் மாட் பஸ்பியைப் பார்த்தோம். 1945-இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் பொறுப்பை ஏற்கும் முன் அவர் போட்ட நிபந்தனையையும் பார்த்தோம். யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாரை விடுவது என்ற எல்லா முடிவும் தன் கையில் இருக்க வேண்டும், இயக்குநர்கள் தலையிடக் கூடாது என்றார் பஸ்பி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது பெரிய துணிச்சல். அந்த அதிகாரம் ஓர் அணியை எப்படி மாற்றியது என்பதை எட்டு ஆண்டுகள் மிக நெருக்கத்தில் இருந்து பார்த்தவர் அவருடைய கேப்டன் கேரி. அதே கேரி பிறகு, ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லாத ஒரு நாற்காலியில் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் என்னை விடாமல் துரத்தும் கேள்வி இதுதான்.

கேரி முதலில் ஆடியது கேலிக் கால்பந்து, அயர்லாந்தின் சொந்த ஆட்டம். கையாலும் காலாலும் ஆடுவது. பிறகு கின்னஸ் மதுபான ஆலையின் அணியான செயின்ட் ஜேம்ஸஸ் கேட்டில் சேர்ந்தார். 1936-இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் லூயிஸ் ரோக்கா வேறொரு பையனைப் பார்க்க டப்ளினுக்கு வந்தார். அந்தப் பையன் கிடைக்கவில்லை. கண்ணில் பட்டவர் பதினேழு வயது கேரி. விலை 250 பவுண்டு. அப்போது அவர் ஆடியது முன்களத்தில். 1937 செப்டம்பரில் யுனைடெட்டுக்காக முதல் ஆட்டம், அந்தப் பருவத்தின் முடிவில் யுனைடெட் இரண்டாம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏறியது.

அதற்குள் போர் வந்துவிட்டது. அயர்லாந்து நடுநிலை நாடு. கேரி ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார். தனக்குச் சோறு போடும் நாட்டுக்காகப் போரிடுவது முறை என்பது அவர் எண்ணம். மத்தியக் கிழக்கிலும் இத்தாலியிலும் பணியாற்றினார். இத்தாலியில் அவர் ஆடியதைப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் அவருக்குக் காரியோ என்று தங்கள் வாய்க்கு வசதியாகப் பெயர் வைத்தார்கள். இருபது முதல் இருபத்தாறு வயது வரை, ஓர் ஆட்டக்காரனின் கால்கள் மிகவும் இளமையாக இருக்கும் ஆண்டுகள், இப்படிப் போயின.

திரும்பி வந்தபோது யுனைடெட்டின் மைதானமே இல்லை. 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் ஓல்ட் டிராஃபோர்டைக் குண்டு போட்டு நொறுக்கியிருந்தன. யுனைடெட் தன் சொந்த ஊர் ஆட்டங்களை 1949 வரை அண்டை அணியான மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோட்டில் ஆட வேண்டியிருந்தது. இந்த நிலைமையில் வந்த பஸ்பி கேரியைக் கேப்டன் ஆக்கினார். முன்களத்திலிருந்து நடுக்களத்துக்கும், அங்கிருந்து பின்களத்துக்கும் நகர்த்தினார். கேரி எங்கே நிறுத்தினாலும் நின்றார். பத்து வெவ்வேறு இடங்களில் ஆடியிருக்கிறார், 1953-இல் சண்டர்லாந்துக்கு எதிராகக் கோல்கீப்பராகக்கூட.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது பின்களத்தில்தான். அந்தக் கால இங்கிலாந்தில் பின்கள ஆட்டக்காரரின் வேலை எளிமையானது. ஓரத்தில் ஓடி வருபவரை மறித்துத் தள்ளுவது, பந்து காலில் பட்டதும் எட்டிய தூரம் உதைத்து அனுப்புவது. முன்களத்தில் வளர்ந்த கேரிக்குப் பந்தை அப்படி வீணாக்க மனம் வராது. வாங்கி, நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருக்கோ எதிரே ஓடுபவருக்கோ கொடுப்பார். மறிப்பதற்குக்கூட அவர் அதிகம் விழுந்து புரள்வதில்லை. எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று ஊகித்து, அவருக்கு முன்பே அங்கே போய் நிற்பார். வழுக்கைத் தலை, வாயில் பைப், குரல் உயர்த்தாத பேச்சு. ‘ஜென்டில்மன் ஜான்’ என்று அழைத்தார்கள்.

1948 எஃப்.ஏ. கோப்பையை யுனைடெட் வென்ற விதம் இன்றும் வியப்பூட்டுவது. ஆறு சுற்றிலும் எதிரே வந்தவை முதல் டிவிஷன் அணிகள். முதல் எதிரி ஆஸ்டன் வில்லா. யுனைடெட் ஆட்டக்காரர் ஒருவர்கூடப் பந்தைத் தொடும் முன்பே, பதினான்கு வினாடிக்குள் வில்லா கோல் போட்டுவிட்டது. அந்த ஆட்டத்தை யுனைடெட் 6–4 என்று முடித்தது. வெம்ப்ளி இறுதியில் பிளாக்பூல், அதாவது ஸ்டான்லி மேத்யூஸும் ஸ்டான் மார்ட்டென்சனும். எழுபதாவது நிமிடம் வரை பிளாக்பூல் 2–1 என்று முன்னிலை. அதுவரை ஆடியபடியே பொறுமையாக ஆடிய யுனைடெட் கடைசி இருபது நிமிடங்களில் மூன்று கோல் போட்டு 4–2 என்று வென்றது. கோப்பையைத் தூக்கியவர் கேரி. மறு ஆண்டு கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விருது தொடங்கியது 1948-இல், முதலில் பெற்றவர் மேத்யூஸ், அடுத்தவர் கேரி.

லீக் பட்டம் மட்டும் கைக்கு வராமல் நழுவிக்கொண்டே இருந்தது. போருக்குப் பிந்தைய ஐந்து பருவங்களில் நான்கு முறை யுனைடெட்டுக்கு இரண்டாம் இடம். கடைசியில் 1952-இல், 41 ஆண்டுகளுக்குப் பிறகு, வந்தது. கேரிக்கு அப்போது 33 வயது.

1949 செப்டம்பர் 21-ஐ நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லிவர்பூல் நகரில் எவர்ட்டனின் குடிசன் பார்க். தெற்கு அயர்லாந்து இங்கிலாந்தைச் சந்தித்தது. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை. இங்கிலாந்து அணியில் பில்லி ரைட், நீல் ஃபிராங்க்ளின், வில்ஃப் மேனியன், டாம் ஃபின்னி. யுனைடெட்டில் கேரியோடு சேர்ந்து பின்களம் காத்த ஜான் ஆஸ்டன் அன்று எதிரணியில் நின்றார். ஃபின்னி ஆடியது இடது ஓரத்தில், அவரை மறிக்க நின்றவர் கேரி. முதல் பாதியில் கான் மார்ட்டின் பெனால்டியில் ஒரு கோல் அடித்தார். அதன் பிறகு இங்கிலாந்து அலை அலையாக வந்தது. ஷாம்ராக் ரோவர்ஸின் கோல்கீப்பர் டாமி காட்வின் தடுத்துக்கொண்டே இருந்தார். முடியும் தறுவாயில் பீட்டர் ஃபாரெல் பந்தை உயர்த்தி வலைக்குள் அனுப்பினார். ஃபாரெல் எவர்ட்டன் ஆட்டக்காரர், வாரா வாரம் அதே புல்லில் ஆடுபவர். 2–0.

இந்த வெற்றிக்குரிய மரியாதை அயர்லாந்துக்கு இன்றுவரை முழுதாகக் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம். 1953-இல் ஹங்கேரி வெம்ப்ளியில் 6–3 என்று ஜெயித்ததைத்தான் எல்லாரும் முதல் தோல்வியாக நினைவு வைத்திருக்கிறார்கள். அயர்லாந்து ஆட்டக்காரர்களில் பலர் இங்கிலாந்து லீக்கில் ஆடியவர்கள் என்பதால் அது வெளிநாட்டுத் தோல்வியாகவே பலருக்குப் படவில்லை. தனி நாடு, தனிக் கொடி, 1949 ஏப்ரலில்தான் குடியரசாக மாறி காமன்வெல்த்தை விட்டு வெளியேறியிருந்தது. இதற்கு மேல் வெளிநாடாக இருப்பது எப்படி?

1953-இல் கேரி ஓய்வு பெற்றார். யுனைடெட்டுக்கு 344 ஆட்டங்கள். உடனே இரண்டாம் டிவிஷனில் இருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவரை மேலாளராக அழைத்துக்கொண்டது. ஐந்து பருவங்கள் அங்கே இருந்தார். பணம் கொட்டும் அணி அல்ல. ரானி கிளேட்டன், பிரையன் டக்ளஸ், ராய் வெர்னன் என்று இளைஞர்களை வளர்த்தார். 1958 ஏப்ரலில் கடைசி ஆட்டம், சார்ல்ட்டன் மைதானத்தில். சமன் செய்தாலே சார்ல்ட்டன் மேலே ஏறிவிடும். பிளாக்பர்ன் 4–3 என்று வென்று தான் ஏறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கிளேட்டனும் டக்ளஸும் இருந்த அணி எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை போனது. அப்போது மேலாளர் வேறொருவர்.

பிளாக்பர்னில் இருக்கும்போதே, 1955-இல், அயர்லாந்து தேசிய அணியின் மேலாளர் பொறுப்பும் வந்தது. பெயர்தான் மேலாளர். அணியைத் தேர்ந்தெடுப்பது டப்ளின் சங்க நிர்வாகிகளின் குழு. அவர்கள் கொடுக்கும் பட்டியலை வாங்கிக்கொண்டு பதினொரு பேரை ஆட வைப்பது மட்டும் கேரியின் வேலை. பயிற்சிக்கும் நேரம் கிடையாது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் தங்கள் அணிக்காக ஆடிவிட்டு, இரவுக் கப்பலில் ஐரிஷ் கடலைக் கடந்து வந்து, ஞாயிறு பிற்பகல் டேலிமவுண்டில் இறங்கிய ஆட்டக்காரர்கள் உண்டு.

அப்படியும் சில நாட்கள் ஒளிர்ந்தன. 1957 மே 19 அவற்றில் ஒன்று. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், எதிரே இங்கிலாந்து. பதினொரு நாள் முன்பு வெம்ப்ளியில் 5–1 என்று அயர்லாந்தை அடித்திருந்தது. டப்ளினில் மூன்றாவது நிமிடத்தில் ஆல்ஃப் ரிங்ஸ்டெட் கோல் போட்டார். தொண்ணூறு நிமிடமும் அந்த முன்னிலை நின்றது. வென்றால் இரு அணிகளுக்கும் நடுவே கூடுதல் ஆட்டம் ஒன்றுக்கு வாய்ப்பு உண்டு. கடைசி நொடிகளில் ஃபின்னி ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தை ஜான் அட்டியோ தலையால் முட்டினார். 1–1. அயர்லாந்தின் கனவு அங்கே முடிந்தது. அன்று அயர்லாந்துக்கு ஆடிய லியாம் வீலனும், எதிரே நின்ற டங்கன் எட்வர்ட்ஸ், டாமி டெய்லர், ராஜர் பைர்ன் மூவரும் யுனைடெட் வீரர்கள். ஒன்பது மாதத்துக்குள் மியூனிக் விமான விபத்து நால்வரையும் கொண்டுபோய்விட்டது.

இனி எவர்ட்டன். 1958 அக்டோபரில் கேரி அங்கே போனார். அதே அக்டோபரில்தான் எவர்ட்டன் டாட்டனமிடம் 10–4 என்று தோற்றிருந்தது. முதல் இரண்டு பருவங்கள் 16-ஆம் இடம், 15-ஆம் இடம். பந்தைத் தரையில் வைத்து விறுவிறுவென்று கைமாற்றுங்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தின் முதலாளி ஜான் மூர்ஸ் பணம் கொடுத்தார். பிளாக்பர்னிலிருந்து வெர்னனை அழைத்துக்கொண்டார். ஸ்காட்லாந்திலிருந்து ஜிம்மி கேப்ரியேல், அலெக்ஸ் யங். 1960–61 பருவத்தில் எவர்ட்டன் ஐந்தாம் இடம், போருக்குப் பிறகு அந்த அணி எட்டிய மிக உயர்ந்த இடம்.

அந்தப் பருவம் முடியும் முன்பே, 1961 ஏப்ரலில், லண்டனில் லீக் கூட்டம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் மூர்ஸும் கேரியும். டாக்ஸியின் பின்னிருக்கையில் வைத்தே கேரிக்கு வேலை போனது. கூட்டம் இருந்த இடம்வரைகூட அந்தச் சேதி பொறுக்கவில்லை. ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயை விட்டு அப்போதுதான் விலகியிருந்த, எவர்ட்டனின் பழைய ஆட்டக்காரர் ஹாரி கேட்டரிக் அந்த இடத்துக்கு வந்தார். பிரிட்டன் மைதானங்களில் தோற்கும் அணியின் மேலாளரைப் பார்த்து ‘டாக்ஸி’ என்று கூட்டம் கூவுவதற்கு இந்தச் சம்பவத்தையே ஆதியாகச் சொல்கிறார்கள்.

மூர்ஸ் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது பட்டம். கேரி மென்மையானவர், ஆட்டக்காரர்களை விரட்டி வேலை வாங்குபவர் அல்லர். கேட்டரிக் இரும்பு மனிதர். 1963-இல் எவர்ட்டன் லீக் பட்டம் வென்றது. ஆனால் அந்தப் பட்டத்தின் கணக்கைப் பாருங்கள்: கேப்டன் வெர்னன் 24 கோல், யங் 22 கோல். இருவரும் கேரி கொண்டுவந்தவர்கள். கேப்ரியேலும் அந்த அணியில் இருந்தார். ஒரு மேலாளரை அளப்பதற்குக் கோப்பையை மட்டும் எண்ணினால் இந்தக் கணக்கு எங்கேயும் பதிவாகாது. எல்லாரும் கேரியை நினைவு வைத்திருப்பது அந்த டாக்ஸியால் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அவர் அடுத்துப் போனது கிழக்கு லண்டனின் சின்னஞ்சிறு அணியான லேட்டன் ஓரியன்ட். அதன் வரலாற்றில் அது முதல் டிவிஷனைக் கண்டதே இல்லை. வந்த முதல் பருவத்திலேயே, 1962-இல், கேரி அதை மேலே ஏற்றினார். அந்த அணிக்கு அதற்கு முன்பும் அந்த உயரம் இல்லை, பின்பும் இல்லை. மேலே ஒரே ஒரு பருவம்தான் தாக்குப்பிடித்தது, கடைசி இடத்தில் முடிந்து இறங்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு பருவத்தின் செப்டம்பரில், தன் சிறிய மைதானத்தில் ஓரியன்ட் மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்தது. எவர்ட்டனையும் தோற்கடித்தது, அதுவும் 3–0. எவர்ட்டன் பட்டம் வென்றது அதே பருவத்தில்தான்.

1963-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். அவருடைய மேலாளர் வாழ்வின் உச்சம் இங்கேதான். 1966–67 பருவத்தில் ஃபாரஸ்ட் பஸ்பியின் யுனைடெட்டோடு பட்டத்துக்கு மோதியது. ஜார்ஜ் பெஸ்ட், டெனிஸ் லா, பாபி சார்ல்ட்டன் இருந்த யுனைடெட். அக்டோபரில் நாட்டிங்ஹாமில் ஃபாரஸ்ட் 4–1 என்று வென்றது. பிப்ரவரியில் ஓல்ட் டிராஃபோர்டில் லாவின் ஒற்றை கோலில் தோற்றது. பருவம் முடிந்தபோது யுனைடெட் 60 புள்ளி, ஃபாரஸ்ட் 56. எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் எதிரே வந்தது கேட்டரிக்கின் எவர்ட்டன், நடப்புச் சாம்பியன். அயன் ஸ்டோரி-மூர் தனியாளாக மூன்று கோல் அடித்தார், ஃபாரஸ்ட் 3–2. அந்த ஆட்டத்தில்தான் ஃபாரஸ்டின் முதன்மை முன்கள வீரர் ஜோ பேக்கர் காயம் பட்டு வெளியேறினார். அரையிறுதியில் அவர் இல்லாத அணி டாட்டனமிடம் 2–1 என்று தோற்றது. பேக்கர் நின்றிருந்தால் அந்த வசந்தம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன்.

பிறகு இறக்கம்தான். 1968 ஆகஸ்டில் லீட்ஸுடன் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபாரஸ்டின் பிரதான மாடம் தீப்பற்றி எரிந்தது. முப்பதாயிரம் பேர் இருந்தும் உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு. சொந்த மைதானத்தை இழந்த அணி ஆற்றுக்கு அக்கரையில் நாட்ஸ் கவுண்ட்டியின் இடத்தில் ஆட வேண்டியதாயிற்று. டிசம்பரில் கேரி நீக்கப்பட்டார். பிளாக்பர்னுக்குத் திரும்பினார், 1971-இல் அந்த அணி மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தது, அதோடு மேலாளர் வேலை முடிந்தது. ஒரு ஜவுளி நிறுவனத்திலும், பிறகு டிராஃபோர்ட் நகரசபையின் கருவூல அலுவலகத்திலும் பணிபுரிந்தார். 1995 ஆகஸ்டில் தம் 76-ஆவது வயதில் காலமானார்.

அயர்லாந்து நாற்காலிக்குத் திரும்புவோம். 1965-இல் உலகக் கோப்பை வாசல் இன்னொரு முறை திறந்தது. தகுதிச் சுற்றில் சிரியா விலகியதால் மிஞ்சியது ஸ்பெயின் மட்டும். டப்ளினில் அயர்லாந்து 1–0, செவியாவில் ஸ்பெயின் 4–1. கோல் வித்தியாசம் அப்போது கணக்கில் இல்லை, பொது இடத்தில் ஒரு முடிவாட்டம் நடத்த வேண்டும். லண்டனில் வைத்தால் அங்கே குடியேறிய ஐரிஷ் மக்கள் திரண்டு வந்திருப்பார்கள். ஸ்பெயின் பாரிஸைக் கேட்டது, அங்கே ஸ்பானியத் தொழிலாளர்கள் ஏராளம். வசூலில் தன் பங்கையும் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னது. டப்ளின் நிர்வாகிகள் சம்மதித்தார்கள். நவம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் உஃபார்ட்டே அடித்த கோலில் அயர்லாந்து 1–0 என்று தோற்றது. பக்கத்து நாட்டில் நடந்த 1966 உலகக் கோப்பைக்கு அதனால் போக முடியவில்லை.

யார் ஆடுவது என்று முடிவு செய்யாத மேலாளருக்கு, எங்கே ஆடுவது என்பதிலும் சொல் இல்லை. பஸ்பியாக இருந்தால் முதல் நாளே எழுந்து போயிருப்பார். கேரி 1967 வரை இருந்தார். அதைப் பலவீனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் போருக்குப் போனவர், மூன்று நாளில் இரண்டு அயர்லாந்துகளுக்கு ஆடியவர், கூப்பிட்ட இடத்துக்குப் போவதைத் தன் கடமையாக நினைத்தார். நாடு கூப்பிட்டது, என்ன தருவார்கள் என்று பேரம் பேச அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பேரத்தை அவர் பேசியிருந்தால், அவர் பெயருக்கு இருந்த மதிப்பில், குழு பணிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பேசாததன் விலையை அயர்லாந்தும் கொடுத்தது.

குழுவின் பிடி தளர்ந்தது 1969-இல். ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு அயர்லாந்துக்கு வந்த முதல் மேலாளர் மிக் மீகன். அவரும் டப்ளின்காரர், அவரும் பின்கள ஆட்டக்காரர். எவர்ட்டனில் கேரியின் கீழ் ஆடியவர், கேட்டரிக்கின் 1963 பட்ட அணியிலும் இருந்தவர். கேரிக்குக் கிடைக்காத அந்த உரிமையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆட்டங்களை நடத்தினார், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அவர் கதை அடுத்த இதழில்.